இரண்டாவது கரண்டி

"பணியாளர் கரண்டியைச் சூடேற்றாமல் உருகிய உப்பில் இறக்கியுள்ளார்." விபத்து அறிக்கையின் ஏழாவது வரி இது.

அந்தப் பணியாளர் என் அப்பா கொளஞ்சி. வயது ஐம்பத்தாறு. இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முகத்தைக் காட்டாமலேயே எடுத்துப்போனார்கள்.

அந்த வரியை என்னால் நம்ப முடியவில்லை. வீட்டில் அப்பளம் பொரிக்கும்போதுகூட அவர் ஜல்லிக்கரண்டியைத் தீயில் காட்டி, ஈரம் போக்கித்தான் எண்ணெயில் விடுவார்.

"பாரு, கரண்டிக்கு ஆரத்தி காட்டறாரு உங்கப்பா" என்பாள் அம்மா.

"சிரிடி. எங்க சட்டியில ஒரு சொட்டுத் தண்ணி வுட்டுப் பாரு, அப்பறம் சிரிப்ப."

அவர் சட்டி என்றது கடலூர் ஆலையிலிருந்த மின்பகுப்புக் கலத்தை. அதில் ஃப்ளோரைடு உப்புகள் ஆயிரத்து ஐம்பது டிகிரியில் உருகி நிற்கும். நியோடிமியம் ஆக்சைடு பொடியைத் தூவி மின்சாரம் செலுத்தினால் உலோகம் பிரிந்து அடியில் சேரும். அதை நீண்ட கைப்பிடிக் கரண்டியால் முகந்து எடுப்பது அப்பாவின் வேலை. காந்தம் செய்யப் போகும் உலோகம். உப்புக்குள் தண்ணீர் போனால் அந்த நொடியே ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும்.

அவர் குமராட்சியில் நாற்று நட்டவர், நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். ஒன்பதாம் வகுப்பு. இந்த ஆலையில் ஒன்பது ஆண்டுகள். பொடி குறைந்தால், உப்புக்குள் மின்சாரம் செலுத்தும் கரித்தண்டின் சத்தம் மாறும். மீட்டர் முள் ஏறுவதற்குள், "பசிக்குது அதுக்கு" என்று பொடியோடு போய் நிற்பார்.

போன வருடம் தோள்வலி ஜாஸ்தியானது. பழைய கரண்டியின் கைப்பிடி கெட்டிக் கம்பி. நான் உலோகவியல் படித்து, சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கம்பிக்குப் பதில் குழாய் வைத்து, இரு முனையும் அடைத்து, வரைபடம் போட்டேன். லேத் பட்டறையில் இரண்டு கரண்டி செய்து கொடுத்தேன்.

"பூ மாதிரி இருக்குது பாப்பா" என்றார் அப்பா.

அறிக்கையோடு ஆலைக்குப் போனேன். அப்பாவோடு ஒன்பது வருடமும் ஒரே ஷிப்டில் நின்றவர் ஆரோக்கியராஜ் மாமா. அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் கேட்டேன்.

"அன்னைக்கி அப்பா சூடு காட்டலையா மாமா?"

"யாரு சொன்னது? பத்து நிமிசம் வெளிம்புல வெச்சிருந்தாரு. பூசையில வெச்ச சந்தனமே காஞ்சி உதுந்துச்சி. நான் சொன்னா எவன் கேக்கறான்?"

விபத்து நடந்தது ஆயுதபூசைக்கு மறுநாள்.

"பூசைக்குக் கழுவுனீங்களா?"

"கழுவாம? சட்டியிலேருந்து எடுத்த சூட்டோட ரெண்டையும் புளித்தண்ணி பக்கெட்டுல தலகீழா, கைப்பிடி முங்க வுட்டோம். எம்பொண்ணு செஞ்சது, பளபளன்னு இருக்கணும்னு மச்சான்தான் சொன்னாரு."

சுவரில் இரண்டாவது கரண்டி தொங்கியது. பொட்டு இன்னும் அழியவில்லை. எடுத்துக் குலுக்கினேன்.

உள்ளே தண்ணீர் தளும்பியது.

மறுபடி குலுக்கினேன். அதே சத்தம்.

பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்திருக்கிறது. சூடான குழாய் பக்கெட்டில் ஆறும்போது தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. கரண்டியை விளிம்பில் வைத்தபோது கைப்பிடி தாழ்ந்திருந்ததால் தண்ணீர் அந்த முனையில் தங்கிவிட்டது. முகக்க அவர் கைப்பிடியைத் தூக்கியதும் உப்புக்குள் இருந்த சூடான முனைக்கு ஓடி வந்து, ஆவியாகி வெடித்திருக்கிறது. ஆவி போக ஒரு துளை வைத்திருந்தால் பூசை அன்றே தண்ணீர் ஒழுகிக் கண்ணில் பட்டிருக்கும். நான் வைக்கவில்லை.

ஆரோக்கியராஜ் மாமாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கையை நீட்டினார்.

"குடு பாப்பா. இத நான் கெடாசிடறேன். நீ ஒன்னும் பாக்கல."

"அப்பா சூடு காட்டலன்னு எழுதியிருக்காங்க மாமா."

"எழுதிட்டுப் போறானுங்க. மச்சானே இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு."

சொல்லியிருப்பார். அதனால்தான் கொடுக்கவில்லை.

மறுநாள், அறிக்கை எழுதிய தொழிற்சாலை ஆய்வாளரின் மேசையில் கரண்டியையும் வரைபடத்தையும் வைத்தேன். அவர் குலுக்கினார். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை குலுக்கினார். பிறகு ஏழாவது வரியைப் பேனாவால் அடித்தார்.

"யாரும்மா டிசைன் பண்ணது?"

சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அடித்த வரிக்கு மேலே, "பணியாளர் பத்து நிமிடம் சூடேற்றினார்" என்று எழுதினேன். அதன்கீழ், வரைபடத்தின் மூலையில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன்.