இரண்டு கோப்பைத் தேநீர்

கொதிக்கக் கொதிக்க இரண்டு கோப்பைகளிலும் விளிம்பு வரை தேநீர் ஊற்றுகிறார் ரேலீன். ஒன்றை வந்தவரின் வலக்கையில் கொடுக்கிறார். அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்றை இடக்கையில் திணித்துவிடுகிறார்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். ரெண்டும் உனக்குத்தான். சிந்தாம நில்லு."

புதிதாக வரும் அப்பா அம்மாக்கள்தான் இப்படிக் கேட்பார்கள். பழையவர்களுக்குத் தெரியும். செப்டம்பர் விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ரேலீனின் மேய்ச்சல் வெளியோரம் அவர்கள் இப்படித்தான் நிற்பார்கள், இரண்டு கையிலும் கோப்பையோடு, மூக்கு அரித்தால் சொறியக்கூட வழியில்லாமல். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பெற்ற பிள்ளைகள் சேணத்தைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு தடுமாறுவார்கள். ஓடிப்போய்ச் சரிசெய்யக் கை பரபரக்கும். கையில் சுடச்சுடத் தேநீர் இருக்கும்.

அந்த விடுமுறையில் மலையடிவாரத்தில் ஒரு வார முகாம். பிள்ளைகளும் அவர்களுடைய மட்டக்குதிரைகளும் மட்டும். பெற்றோர் வரக் கூடாது, போனும் கூடாது. ஊர்க் குதிரைக் கழகத்தின் சார்பில் பிள்ளைகளைத் தயார்செய்து அழைத்துப்போவது ரேலீனின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. வார நாட்களில் அவர் பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பார். பயந்து போனவர்களை நாற்காலியில் உட்காரவைப்பதில் கைதேர்ந்தவர். ஆனால் 'ஒண்ணும் ஆகாது' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "வலிக்கும். அப்புறம் முடிஞ்சிடும்" என்பார். குதிரை விஷயத்திலும் அவர் சொல்வது அதுதான்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். வெயிலில் செங்கல் நிறமாகிப்போன கழுத்து. ஏதோ ஒரு குதிரை கடித்துத் தின்றதில் பாதி விளிம்பு போன தொப்பி. சட்டைப்பையில் எப்போதும் வைக்கோல் கட்டும் கயிறு, குளம்பு சுரண்டும் கொக்கி, பாதி கேரட். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கம்பியும் அந்த வைக்கோல் கயிற்றால்தான் கட்டப்பட்டிருக்கிறது. நோயாளிகள் அதையே பார்ப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த ஞாயிறுகளில் அவர் சவாரி சொல்லித்தருவதில்லை. "ஏறத் தெரிஞ்சதுங்கதான் வருதுங்க. இறங்குன அப்புறம் என்ன பண்றதுன்னுதான் தெரியல." தலைமுடியைத் தானே பின்ன வேண்டும். ஈரக் காலுறையை உலர்ந்த துணியோடு சேர்த்து மூட்டை கட்டக் கூடாது. மதியத்துக்கு வேண்டுமென்றே குழைய வேகவைத்த பூசணிக்காயைத் தட்டில் வைப்பார். மூஞ்சியைச் சுளிக்காமல் தின்ன வேண்டும். அழுவதற்கும் ஒரு முறை உண்டு.

"வீட்டு ஞாபகம் வந்தா அழு. யாரும் தடுக்கல. ஆனா சும்மா உக்காந்து அழக்கூடாது. தள்ளுவண்டிய எடு, சாணி அள்ளிக்கிட்டே அழு."

"அழுகை வரலைன்னா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அப்பவும் அள்ளு."

இந்த வருடம் டாரல் வந்தான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி ஓட்டுபவன். மகள் நெரிடாவுக்குப் பத்து வயது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பள்ளி விடுமுறை என்றால் லாரியில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. ஒரு ராத்திரிகூட அவனைப் பிரிந்து இருந்ததில்லை. முகாமுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்தான். ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டாரலின் கையில் ரேலீன் கோப்பைகளைக் கொடுத்தார். அவன் ஒன்றை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தான். அவர் போய் அதை எடுத்து மறுபடியும் அவன் கையில் வைத்துவிட்டு வந்தார்.

நெரிடா தன் குதிரைக்குச் சேணம் போட்டாள். சார்ஜென்ட் என்று பெயர். பீப்பாய்க்கு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, சேணத்தை மெல்ல இறக்கி, வயிற்றுப்பட்டையை இழுத்து மாட்டினாள். பார்க்க அழகாக இருந்தது. அங்கவடியில் கால் வைத்து ஏறினாள். ஏறின வேகத்தில் சேணம் அப்படியே சுழன்று குதிரையின் வயிற்றுக்கடியில் போனது. அவளும் கூடவே போனாள். சார்ஜென்ட் குனிந்து, கால்களுக்கு நடுவில் கிடந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைக் கடித்தது.

டாரல் வேலியைத் தாண்டி ஓடினான். இரண்டு கோப்பைத் தேநீரும் அவன் சட்டையில் இருந்தது.

ரேலீன் ஓடவில்லை. நடந்து வந்து பட்டையைப் பார்த்தார். "ரெண்டாந்தடவை இறுக்குனியா?"

"ரெண்டாந்தடவையா?" பாசாங்கு இல்லாமல் கேட்டாள் நெரிடா.

மட்டக்குதிரை வைத்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. பட்டையை இழுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடத்திச் சென்றால் மூச்சு இறங்கும். அப்போது இன்னொரு முறை இறுக்க வேண்டும். சார்ஜென்ட் இந்த வித்தையில் பலே கில்லாடி.

ரேலீன் திரும்பி டாரலைப் பார்த்தார். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா?"

"இவ ஹெல்மெட் மாட்டிக்கிட்டு இருப்பா... நான் சும்மா ஒரு இழு இழுத்து விடுவேன்."

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்."

"குதிரை வாங்குன நாள்லேருந்து."

நெரிடாவின் முகம் சிவந்தது. விழுந்தபோதுகூட அப்படிச் சிவக்கவில்லை. "நீயாப்பா? நான் நல்லாக் கட்டுறேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

"கண்ணு, நீ விழுந்துடக் கூடாதேன்னு..."

"இப்ப விழுந்துட்டேன்ல!"

ரேலீன் சிரிக்கவில்லை. "டாரல், கேட்டுக்கோ. கிளம்புற அன்னிக்குக் காலைல ஒவ்வொரு பிள்ளையும் தானா சேணம் கட்டி இந்த வெளிய ஒரு சுத்து வரணும். இவ வந்துட்டான்னா பஸ்ஸில ஏறுவா. நீ கிட்டக்க வந்தா, இவ இடம் காத்துக்கிட்டு இருக்கிற வேற பிள்ளைக்குப் போயிடும்."

"திரும்பவும் விழுந்தா?"

"விழுந்துதான் எந்திரிச்சு நிக்கிறாளே. உன் சட்டைதான் நாசமாப் போச்சு." நடக்கத் தொடங்கியவர் நின்று திரும்பினார். "சின்ன வயசுல நான் கூட்டிக்கிட்டுப் போன முகாம்லேருந்து ரெண்டாம் நாளே அம்மாகிட்ட ஓடிப்போன ஆளு நீ. அந்த ஓட்டத்த இன்னும் நிறுத்தல நீ."

நெரிடா அன்று மாலைக்குள்ளேயே இரண்டாவது இறுக்கத்தைக் கற்றுக்கொண்டாள். அவளைப் பற்றி ரேலீனுக்குக் கவலை இல்லை. அவர் கணக்கில் பிள்ளைக்கு ஒரு நாள் போதும், பெற்றவருக்குத்தான் ஒரு மாதம் ஆகும். நடுவாரத்தில் மருத்துவமனைக்கு டாரல் போன் செய்தான். ரேலீனின் மேசைக்கு எதிரே ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவ கட்டிப் பழகுறப்ப நான் வீட்டுக்குள்ள போயிடறேன். ஜன்னல் வழியாப் பாத்தாப் பரவாயில்லையா?"

"திரைய மூடு" என்று சொல்லிப் போனை வைத்த ரேலீன், கன்னம் வீங்கியவரைப் பார்த்தார். "உங்களுக்கு இல்ல."

கிளம்பும் காலை. குஞ்சு பொரித்த மேக்பைப் பறவைகள் கூட்டைக் காக்க யூகலிப்டஸ் மரத்திலிருந்து பாய்ந்து பாய்ந்து பெற்றவர்களின் தலையைக் கொத்தப் பார்த்தன. பிள்ளைகளுக்கு ஹெல்மெட் இருந்தது. டாரல் வந்தவுடன் எதுவும் கேட்காமல் இரண்டு கைகளையும் நீட்டினான். ரேலீன் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

நெரிடாவின் முறை வந்தது. துணி. சேணம். பட்டை. சார்ஜென்ட் வயிற்றை உப்பிக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்தது, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல. நெரிடா ஹெல்மெட்டை மாட்டினாள். அங்கவடியில் காலை வைத்தாள். டாரலின் கோப்பைகளில் தேநீர் அலையடித்தது. விளிம்பு தாண்டி விரல்களில் வழிந்தது. அவன் கோப்பையை விடவில்லை. வாயையும் திறக்கவில்லை. ரேலீன் குதிரையைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் அந்த விரல்களைத்தான்.

அங்கவடியில் வைத்த காலோடு நெரிடா ஒரு கணம் நின்றாள். பிறகு காலை எடுத்தாள். குதிரையை நாலடி நடத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையை மறுபடி இழுத்தாள். இன்னும் இரண்டு துளை ஏறியது. சார்ஜென்ட் பெருமூச்சு விட்டது. ஏறி உட்கார்ந்தாள். சேணம் அசையவில்லை. வெளியை ஒரு சுற்று வந்து இறங்கினாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல், குதிரைகளை ஏற்றிப்போக வந்திருந்த லாரிக்குச் சார்ஜென்ட்டை நடத்திப்போனாள்.

குதிரைகளின் லாரி முன்னால் போய்விட்டது. பிள்ளைகள் மினி பஸ்ஸில் ஏறினார்கள். ரேலீன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி சாவியைத் திருகினார். அப்போதுதான் நெரிடா ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள். கையை ஆட்டினாள். வேலியோரம் மற்றவர்கள் கோப்பைகளை எப்போதோ கீழே வைத்துவிட்டுக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். டாரல் மட்டும் இரண்டு கையிலும் கோப்பையோடு அப்படியே நின்றான். பதிலுக்கு முகவாயை உயர்த்தினான். புருவத்தை உயர்த்தினான். நெரிடா இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள்.

ரேலீன் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வெளியைக் கடந்து வேலி வரைக்கும் நடந்தார். டாரலின் வலக்கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்.