சோலையம்மாள் குரல் விற்ற பூண்டு

சோலையம்மாள் எனக்கு இருபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். அவள் புருஷன் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது. ஆளும் பிழைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. வட்டி என்று ஒரு பைசா நான் கேட்டதில்லை. கொடைக்கானல் மலைமேல் எங்கள் பூண்டி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அழகுமலை என்று என் பேரைச் சொன்னால் வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் தராசு பிடிக்கிறவன்கூட எழுந்து நிற்பான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தலையில் பூண்டு மூட்டை சுமந்த அதே ரோட்டில் இன்று என் வண்டி மூன்று ஓடுகிறது. அதில் இரண்டு, சோலையம்மாளின் குரல் சம்பாதித்துக் கொடுத்தவை. வேறொரு வியாபாரி இதை வெளியே சொல்ல மாட்டான். நான் சொல்வேன்.

அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் பூண்டியில்தான். நடவு, களை, பூண்டு கட்டுவது என்று கூலி வேலை. நதியா என்று ஒரே மகள். எங்கள் மலையில் மத்தியானமே மூடுபனி இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கிறவள் முகம் தெரியாது. பள்ளத்துக் காட்டில் வேலை செய்கிற பெண்கள் ரோட்டுக்கு ஏறி வர, சோலையம்மாள் மேட்டில் நின்று குரல் கொடுப்பாள். கயிற்றைப் பிடித்து ஏறுவதுபோல அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வந்து சேருவார்கள். அதைக் கேட்டுத்தான், அந்தக் குரலை வண்டியில் போட்டுப் பூண்டு விற்கலாம் என்று எனக்கு யோசனை தோன்றியது. படித்தவன் எவனுக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

அவளை வத்தலக்குண்டுக்கு அழைத்துப்போனேன். அங்கே பாண்டி என்பவன் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தான். வண்டியில் போடுகிற அறிவிப்பை அவன்தான் பதிவு செய்து கொடுப்பான். என்ன பேச வேண்டும் என்பதை நானே கட்டிக் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சேத்துக்கிறவா?"

"சேரு, சேரு. சினிமாவா எடுக்கிறோம்!"

அவள் மைக்கைப் பார்த்து, எதிரே ஆள் நிற்பதுபோலச் சொன்னாள்: "நான் பூண்டி சோலையம்மா சொல்றேன். இது எங்க மலையில வெளஞ்ச பூண்டு. சொத்தையிருந்தா நாளைக்கு இதே வண்டியில திருப்பிக் குடுங்க. காச வாங்கிக்கங்க."

"ஏத்தா, எவளாச்சும் மூட்டையோட கொண்டாந்து கொட்டிட்டா?"

"கொட்டட்டுமே. நல்ல பூண்டத்தான குடுக்கப் போறீங்க?"

நான் கட்டிக் கொடுத்த பேச்சு ஒருவர் காதிலும் நிற்கவில்லை. அவள் சேர்த்த அந்த நாலு வார்த்தைதான் வியாபாரம் செய்தது. தெருவுக்குத் தெரு பெண்கள் சொளகோடு வந்து நின்றார்கள். சோலையம்மாள் எப்படி இருக்கிறாள் என்று டிரைவரிடம் நலம் விசாரித்தார்கள். அந்தப் பதிவுக்காகக் கடனில் இரண்டாயிரம் கழித்தேன். ஒரு நாள் பேச்சுக்கு அந்தக் கூலி வேறு யார் கொடுப்பார்கள்?

மறு வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. பேசினால் சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் புரியும். இப்போது மூடுபனி இறங்கினால் காட்டில் தகரத்தைத் தட்டுகிறார்கள்.

உடம்பு தேறட்டும் என்று பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் நதியா வீட்டில் போய் இருந்தாள். அங்கேதான் அது நடந்தது. நதியாவே போனில் என்னிடம் சொல்லி அழுதாள்.

ஒரு காலையில் அந்தத் தெருவில் பூண்டு வண்டி வந்திருக்கிறது. என் வண்டி இல்லை. முன்பின் தெரியாத எவனோ ஒருவனுடையது. ஆனால் அதில் கேட்டது சோலையம்மாள் குரல். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சோலையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக் கண்மணி, பிள்ளை பெற்றிருந்த தன் மகளுக்கென்று இரண்டு கிலோ வாங்கினாள். உரித்துப் பார்த்தால் உள்ளே பொக்கு. வெளியூர் வெள்ளைப் பூண்டை, மலைப்பூண்டு போலத் தெரியப் புகை காட்டிப் பழுப்பாக்கியிருக்கிறான். காரமும் இல்லை, வாசமும் இல்லை. மறுநாள் வண்டி வரவில்லை. கண்மணி பூண்டைக் கொண்டுவந்து நதியா வாசலில் கொட்டினாள்.

"உங்கம்மா வாக்குக் குடுத்து வித்த பூண்டுடி. காசக் குடு."

"அது எங்கம்மா வண்டியில்லக்கா."

"பேரச் சொல்லி, ஊரச் சொல்லிக் கத்துனது பேயா?"

சோலையம்மாள் எழுந்து வந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"வண்டியில அம்புட்டுக் கத்துறவுக, இங்க மட்டும் ஊமையாகிட்டாக பாரு!" என்றாள் கண்மணி.

நதியாவின் மாமியார் உள்ளேயிருந்து, "சம்பந்தி வந்த நேரம், வாசல்ல சந்தை கூடிருச்சு" என்றாளாம். நதியா தோட்டைக் கழற்றி அடகு வைத்துத் தெருவுக்கே காசைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கே சோலையம்மாள் பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள். அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

எனக்கும் ஆத்திரம்தான். நான் காசு போட்டுச் செய்த பதிவை எவனோ ஓட்டுகிறான் அல்லவா? இரண்டு பேரும் நேரே பாண்டி கடைக்குப் போனோம்.

"ஏலே பாண்டி, எத்தன பேருக்குலே வித்த?"

"மெமரி கார்டுல ஏத்திக் கேட்டாங்க, குடுத்தேன் முதலாளி. கொரல்ல என்ன பேரா எழுதியிருக்கு?"

"எழுதலலே. அவளே சொல்றாளே, 'நான் பூண்டி சோலையம்மா'ன்னு. ஒனக்குக் காதுல பஞ்சா?"

பாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தான். "அக்காவுக்குப் பெருமைதான? ஓசியில மாவட்டம் பூராம் வெளம்பரம்."

அவள் சிரிக்கவில்லை. கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

நான் விடுகிற ஆளா? கொடைக்கானலில் வக்கீல் தமிழ்மதியிடம் அழைத்துப்போனேன். சின்ன வயசுதான், ஆனால் கேள்வி கேட்டால் கத்தி மாதிரி.

"செலவு பண்ணி ரெக்கார்டிங்குக்கு ஏற்பாடு செஞ்சது நீங்க. அதுல உங்களுக்கு உரிமை உண்டு. பாண்டி காப்பி போட்டு வித்தது தப்பு" என்றாள் அந்தப் பெண். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இருங்கய்யா, இன்னும் முடிக்கல. பேசுனது இவங்க. பேசுனவங்களுக்கும் ஒரு உரிமை இருக்கு. இவங்க பேரையும் கொரலையும் காட்டி வேற சரக்க விக்கிறது ஜனங்கள ஏமாத்துறது. கொடைக்கானல் மலைப்பூண்டுங்கிற பேருக்கே புவிசார் குறியீடு இருக்கு; வெளியூர்ப் பூண்ட அந்தப் பேர்ல விக்கிறது தனித் தப்பு. சரி, எத்தன வருஷத்துக்கு, எந்த வண்டிக்குன்னு இவங்ககிட்ட நீங்க எழுதி வாங்குனீங்களா?"

"கடன்ல கழிச்சேன்மா."

"அது எழுத்தா?"

மூன்றாம் வகுப்பு படித்தவனிடம் எழுத்தைக் கேட்டால் என்ன சொல்வது?

நோட்டீஸ் போனதும் பாண்டி இறங்கி வந்தான். நஷ்டஈடாக ஒரு தொகையை வக்கீல் முன்னால் சோலையம்மாளிடம் கொடுத்தான். அதில் பாதியை நானும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான். "ஏற்கெனவே போன கார்டுக்கு நான் எங்க முதலாளி போவேன்?" என்று கையை விரித்தான். இன்றும் பழனிப் பக்கம் அந்தக் குரல் சுற்றுகிறதாம். கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அது சோலையம்மாள் இல்லை. அந்த வாக்கு அவளுடையது இல்லை. இதைச் சொல்வதே அதற்காகத்தான்.

பாண்டி பணம் கொடுத்த மறுநாள் வெள்ளனே அவள் என் குடோனுக்கு வந்தாள். அன்று விடியும்போதே மூடுபனி; வண்டியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"ஒங்க வண்டியிலயும் நிறுத்தணும்ணே." நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"என் சரக்குச் சுத்தமில்லையா?"

"சுத்தந்தான்."

"பெறகென்ன தாயி? என் வண்டி ஓடுறதே அதுலதான்."

"சொத்தையிருந்தா கொண்டாங்கன்னு அது கூப்பிடுது. ஒருத்தி வந்து நின்னு கேட்டா, பதில் சொல்ல எங்கிட்ட என்ன கெடக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடன் நிக்குதுல்ல சோலை? அது தீர்ற வரைக்குமாச்சும் ஓடட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாண்டி கொடுத்த பணம்; மகளின் தோட்டை மீட்க வைத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தது.

"கைய நீட்டுங்க."

அந்த நேரம் பார்த்து டிரைவர் திருமலைச்சாமி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டான். 'நான் பூண்டி சோலையம்மா சொல்றேன்' என்று பனிக்குள் கணீரென்று கிளம்பியது குரல். பள்ளத்துக் காட்டில் தகரம் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"ஏலே திருமலை, அத அமத்துலே!" என்று கத்தினேன்.

குரல் பாதியில் அறுந்தது. நான் கையை நீட்டினேன். அவள் ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் வைத்தாள். உதடு எண்ணியது, சத்தம் வரவில்லை. பதினெட்டாயிரமும் வைத்து முடித்து, என் விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.