குழாய் தாங்காத தண்ணீர்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எனக்குப் பெரிய உத்தியோகம். பெரியப்பாவுக்குக் கஞ்சி இறங்கி முடிந்ததும், குழாயைக் கழுவத் தண்ணீர் ஊற்றுவது. நான்காம் வகுப்புப் பிள்ளையை நம்பி யார் இப்படியொரு வேலையைக் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போலீசில் ஏட்டாக இருந்த பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டு, குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சு கிடையாது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அவரைச் சாய்த்து உட்காரவைத்து, வடிகட்டிய கஞ்சியைப் பெரியம்மா சிரிஞ்சு வழியாக மெல்ல மெல்ல விடுவாள். கடைசியில் கொதித்து ஆறிய தண்ணீர், என் கையால். ஆனால் இரண்டு தடவை பெரியப்பா அந்தக் குழாயைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தார். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடி மறுபடி போட்டுக்கொண்டு வந்தார்கள். "எதுக்கு இந்தப் பொழப்பு" என்று அவர் எழுதியதைப் பெரியம்மா முந்தானையால் அவசரமாக அழித்தாள். புண் ஆறுமுன் இன்னொரு தடவை பிடுங்கினால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அப்போதுதான் சீசன் வந்தது! சாரல் அடிக்கிறது, மெயினருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பியது. குற்றாலத் தண்ணீர் மூலிகையில் உரசி வருவது, தீராத நோயும் தீரும் என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. எனக்குப் பொறி தட்டியது. அடடா, மருந்து பக்கத்திலேயே சும்மா கொட்டுகிறது, இந்தப் பெரியவர்கள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு கிடக்கிறார்களே! அப்பாவோடு குளிக்கப் போய், ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஈரப் பாவாடையோடு ஓடிவந்தேன்.

கஞ்சி இறங்கி முடிந்தது. பெரியம்மா சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தாள். நான் டம்ளரை விட்டுவிட்டுப் பாட்டிலைச் சாய்த்தேன். தண்ணீர் இறங்கவில்லை. அப்படியே நின்றது, மேலே ஓர் இலைத் துணுக்கு மிதந்தது.

"ஏட்டி, என்னத்தட்டி ஊத்துத?"

"அருவித் தண்ணி பெரியம்மா! பெரியப்பாக்கு இனி சரியாயிரும்லா!"

"கொதிக்க வைக்காத தண்ணியவா..."

முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை இறுக மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், பெரியம்மா பெரியப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிஞ்சில் இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, என்னை ஈரத்தோடு இழுத்து அணைத்து ஓவென்று அழுதாள். பெரியப்பா சிலேட்டில் எழுதினார்: "வேகம் ஜாஸ்தி. குழாய் தாங்காது. உச்சில தெளி."

குதித்துக் குதித்துத் தெளித்தேன். அருவித் தண்ணீரின் வேகத்தைக் குழாயே தாங்கவில்லை என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொன்னேன். பெரியம்மா ஏன் அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் அவளே சொன்னாள். நான் பாட்டிலைச் சாய்த்ததுமே பெரியப்பா குழாயை இரண்டு விரலால் மடக்கி, நெரித்துப் பிடித்துக்கொண்டாராம். வாழப் பிடிக்காத மனுஷன் கொதிக்காத தண்ணீருக்கா பயப்படுவார்?