கூரையை விசாரிக்கும் ஜாய்ஸ் அக்கா

"ஓடா, சீட்டா, காங்கிரீட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஜாய்ஸ் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். எதிரே நிற்பவர் கம்ப்யூட்டர் விலை கேட்க வந்தவர். தன் வீட்டுக் கூரையை இந்த அம்மாள் எதற்கு விசாரிக்கிறார் என்று விழிக்கிறார். சீட்டு என்று பதில் வந்ததும் அடுத்த கேள்வி: "பக்கத்துல பம்புசெட்டு ஓடுதா? ஓடும்போது பல்பு மங்குதா?" அதற்கும் பதில் கிடைத்த பிறகுதான், "சரி, கையில எவ்ளோ வச்சிருக்கிய?"

சங்கரன்கோவில் திருவேங்கடம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய கடை. கீழே இருந்து கிளம்பும் பூச்சிமருந்து வாசனை படியேறி நம்மோடு கூடவே வரும். உள்ளே நுழைந்தால் மூடி கழன்ற பெட்டிகள், வயர்ச் சுருள்கள், நடுவில் ஒரு பழைய இட்லித் தட்டு. அதன் குழிகளில் மாவுக்குப் பதில் ஸ்குரூக்கள். விசிறியின் ஸ்குரூ ஒரு குழியில், ஹார்டு டிஸ்க்கின் ஸ்குரூ இன்னொன்றில். ஒரு நாள் யாரோ கை தவறித் தட்டைத் தட்டிவிட, "ஏலே, சாம்பாரு வச்சு ஊட்டவா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாராம்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே பழுதான கணினிகளைத் திறந்து பார்த்துப் பார்த்தே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதாகச் சொல்வார். பாகம் பாகமாகச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய கணினி எதுவும் அவர் விளையாடிப் பார்க்காமல் படியிறங்காது. கார்ப் பந்தயம்தான் அவருக்குப் பிடித்த சோதனை. வளைவு வந்தால் நாற்காலியோடு சாய்வார். முன்னால் போகும் காரைப் பார்த்து, "ஒதுங்குவே, பொறவு என்னத்துக்கு ரோட்டுக்கு வந்தீரு" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரித்தால் காதில் விழாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்துச் சூடு பார்த்தபடி மறு கையால் ஓட்டிக்கொண்டிருப்பார்.

நான் அவரிடம் போனது போன வருஷம். மேலநீலிதநல்லூர் பக்கம் எங்கள் ஊர். மானாவாரிக் காடு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை எங்கேயும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். பாளையங்கோட்டையில் படித்தபோது விடுதியில் ஒரே ஒருவனிடம்தான் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. அவன் விளையாடுவான், நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூன்று வருஷம் வேடிக்கை பார்த்தேன். வேலை கிடைத்ததும் எனக்கென்று ஒன்று வாங்குவது என்று அப்போதே முடிவு. தென்காசியில் வேலை கிடைத்தது. நாற்பதாயிரம் சேர்ந்ததும் படியேறினேன்.

எனக்கு வேண்டியதைச் செல்போனில் காட்டினேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் சுற்றும் விசிறிகள்.

"சீட்டு வீடு. சித்திரையில உள்ள மனுசனே வெந்து போவான். இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் காத்து எங்கன இருந்துலே வரும்?"

"லைட்டு நல்லா இருக்குமேக்கா."

"லைட்டுதான வேணும்? கிறிஸ்மஸ் முடியட்டும், எங்க வீட்டு சீரியல் செட்டை அவுத்துத் தாரேன். சுத்தி மாட்டிக்க."

நான் குறித்து வைத்திருந்த விலை குறைந்த பவர் சப்ளையையும் அடித்துவிட்டார். "பெரிய அடுப்பை வாங்கிப்போட்டு அரை சிலிண்டரை மாட்டுன கதைலா இது. கரண்டு ஏறி எறங்குற ஊருக்கு இது தாங்காது." கண்ணாடியிலும் வெளிச்சத்திலும் மிச்சமானது நல்ல பவர் சப்ளைக்குப் போனது. கிராபிக்ஸ் கார்டு, அவரே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த பழையது. மானிட்டரும் பழையதுதான். பெட்டி மட்டும் புதுசு: மேல்பக்கம் முழுக்கச் சல்லடை போல ஓட்டை. "சூடு மேல பாத்துதான் போவும். அதுக்கு வழியை விடு" என்றார். விளக்கு இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். சித்திரை வந்தது, போனது. ஒரு முறைகூட அது நிற்கவில்லை.

நின்றது ஆயுத பூஜையில்.

எங்கள் வீட்டில் மண்வெட்டிக்கும் பன்னருவாளுக்கும் அப்பாவின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். இந்த வருஷம் நடுவில் உட்கார்ந்தது என் கம்ப்யூட்டர். நான் பழம் வாங்கப் போயிருந்த நேரத்தில் அம்மா சந்தனத்தை நன்றாகக் குழைத்து, மற்றவற்றுக்கு வைத்ததைவிடத் தாராளமாக, பெட்டியின் உச்சியில் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். உச்சி என்பது அந்தச் சல்லடை. மறுநாள் காலையில் ஆன் செய்தேன். விசிறி கரகரத்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

மூடியைத் திறந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக வழிந்து காய்ந்திருந்தது. அன்று முழுக்க அவள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "பிள்ளை மொதச் சம்பாத்தியத்துல வாங்குனது. எங்கையால போச்சே" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினால், அவளும் ஏறினாள்.

சங்கரன்கோவிலில் இறங்கியதும், "நீ போ, நான் அம்மன் சன்னதிக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். நான் கடைக்குப் போய்ச் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை, கடைசிப் படியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றார் ஜாய்ஸ் அக்கா.

"இங்கனயே நிக்கேன் தாயி. நான் தொட்டுத்தான் அது போச்சு."

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏங்க்கா, கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பொட்டு வச்சிய?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"ஆயுதத்துக்குத்தான பூசை. இவன் துப்பாக்கியெல்லாம் அதுக்குள்ளதான வச்சிருக்கான். தெனமும் சுடுதான்லா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது சிரித்தார், படியில் நின்ற அம்மாவும் என்னவென்று தெரியாமலே சிரித்துவிட்டாள்.

"தப்பு எம்மேலதாங்க்கா. சூட்டைக் கேட்டேன், கரண்டைக் கேட்டேன். பூசை போடுவியளா, பொட்டு எங்கன வைப்பியன்னு கேக்கலயே. கேட்டிருந்தா மேல ஓட்டை உள்ள பெட்டிய கொடுத்திருக்க மாட்டேன். இந்த இட்லித் தட்டைப் புடிங்க, கை ஒத்தாசைக்கு ஆளு இல்ல."

அப்படித்தான் அம்மா கடைக்குள் வந்தாள். அக்கா ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றித் தர, அவள் தட்டை மடியில் வைத்து, எந்தக் குழியில் போட வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஒரு கையாலேயே போட்டாள். அக்கா ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துக் காய்ந்த சந்தனத்தைத் துடைத்தார். மெமரிச் சில்லின் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தார். விசிறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டி, ஸ்விட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. அக்கா மறுபடி திறந்து மெமரியைப் பக்கத்துச் சொருகலுக்கு மாற்றினார். திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டா?" என்றாள் அம்மா.

"வந்துட்டு. தங்கமா வந்துட்டு."

இரண்டு சுற்றுக் கார் ஓட்டினார், வழக்கம்போலச் சாய்ந்து சாய்ந்து. அம்மா வாய் பிளந்து பார்த்தாள். ஆட்டம் முடிந்து எழுந்தபோதுதான் அம்மாவின் இடது கை மூடியே இருப்பதை அக்கா கவனித்தார்.

"கையில என்னக்கா?"

அம்மா தயங்கினாள். "அம்மன் குங்குமம். சரியாவணும்னு வாங்கியாந்தேன். இனும இதுக்கு வைக்க மாட்டேன் தாயி. இவன் நெத்திக்குத்தான்."

ஜாய்ஸ் அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஓட்டை இல்லாத முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி உரித்து எடுத்தார். பிசுபிசுப்புப் போகும் வரை அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். பிறகு பெட்டியை அம்மாவின் பக்கம் திருப்பி, அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.