ஆயாவின் கல்லுக்கு ஏழு ஊர்கள்

இல்லை, வரைபடம் வேண்டியதில்லை. புதுச்சேரியின் பழைய நகரத்தை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். தெருக்கள் நேரானவை. கிழக்கே நடந்தால் கடல். தொலைந்துபோகத் தனியாக முயற்சி செய்ய வேண்டும். ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு கல்லுக்கு வாசகம் கொடுக்க.

ஆயா, அம்மாவைப் பெற்றவள், ஆகஸ்டில் இறந்தாள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியுமாக ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். அதற்குள் சுண்ணாம்பு அடித்துக் கல்லும் பதித்துவிட வேண்டும். வாசகத்தை மாமா பிரான்சிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார். திருநாளுக்கு நேரில் வருகிறார், நான்கு வருடம் கழித்து. அவரும் அம்மாவும் ஆயாவின் சாவுக்குப் பிறகுதான் மறுபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். சென்னையில் எம்.ஏ. படிக்கும் என்னிடம் உறை வந்து சேர்ந்தது. கூடவே தனிச்சீட்டு: ஒரு எழுத்தையும் மாற்றாதே. இது 1986, அக்டோபர் மூன்றாவது வாரம்.

பாரிமுனையில் காலை 5.40 பேருந்து. திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர், பதினாறு ரூபாய். திண்டிவனத்தில் இருபது நிமிடம் நிற்கும். தேநீர் சுமார். 9.50க்குப் புதுச்சேரி. அங்கிருந்து கல் செதுக்குகிறவர் இருக்கும் அரியாங்குப்பத்துக்கு டவுன் பஸ், அறுபது பைசா. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஆறு ரூபாய் கேட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"போம்மா. உன் பஸ்ஸு வர்றதுக்குள்ள நான் போயி டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவேன்."

பஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கையாட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. ஆயா போட்டது. போகும்போது பஸ், வரும்போது நடை. என் ஐந்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான். லாஸ்பேட்டையில் விமானம் இல்லாத விமானத் திடல். வீராம்பட்டினத்தில் வலை காயும் மணல். போகும்போது போகிற இடம்தான் மனதில் இருக்கும், வரும்போதுதான் வழி கண்ணில் படும் என்பாள். வகுப்பிலும் அதே முறை. பாடம் முடிந்ததும் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பி வரச் சொல்வாள். என்னைச் சென்னை விடுதியில் சேர்த்துவிட்டு ஊர் போனவள் எழுதிய அட்டை இன்னும் இருக்கிறது. முழுதும் நடக்க முடியாததால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்தை மூன்று முறை சுற்றி வந்தாளாம்.

தாத்தாவுக்குப் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம். அவருக்கு மாற்றலான ஊரிலெல்லாம் ஆயா அங்குள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தினாள். சைகோன், ஜிபுத்தி, ரெயூனியன். பிறகு முதலியார்பேட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளி, ஓய்வு பெறும்வரை. பாதிப் பேர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அவள் மதாம், பிரெஞ்சு வழக்கில் டீச்சரம்மா.

ஒருமுறை கேட்டேன், சைகோனிலிருந்தும் நடந்தா வந்தாய் என்று.

"நடந்துதான். இன்னும் வந்து சேரல."

எட்டு வயதில் அதற்குச் சிரித்தேன்.

கல் செதுக்குகிறவரின் பட்டறை ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தம், இடது பக்கம். இருபத்தைந்து வயதிருக்கும். மாமாவின் தாளை விரித்தார். பெயர், வருடங்கள், ஆசிரியை, கீழே ஏழு ஊர்கள். கடைசி ஊர் மர்செய், பிரான்சின் துறைமுகம். அங்கே அவள் இருந்தது கப்பல் மாறுவதற்காக மூன்று நாள்.

"ஏழும் ஏறாதும்மா. ரெண்டு ஏறும். சின்னதா வெட்டினா நாலு மழைக்கு நிக்காது" என்றார்.

வேறு கல்லுக்கு நாள் இல்லை. மாமாவுக்கு எழுதிக் கேட்கவும் நாள் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவர் பெயரை மறுபடி படித்தார். உளியைக் கீழே வைத்தார்.

"இது எங்க மதாமா?"

பிறகு சொன்னார். அவர் ஐந்தாவது படித்த வருடம் பெருமழை. சாலை மூழ்கிவிட்டது. அரைப் பரீட்சை நேரம். இந்தக் கரையில் பதினான்கு பிள்ளைகள். கேள்வித்தாளை எண்ணெய்த்துணியில் சுற்றிக்கொண்டு, வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரின் படகில் மதாம் ஆற்றைத் தாண்டி வந்தார். மூன்று நாளும்.

"பதினெட்டு நாள் கப்பல்ல போனேன்னு சொல்லுவாங்க. பத்து நிமிஷப் படகுல ஒரே வாந்தி. நாங்க கரையில நின்னு சிரிச்சோம். வாயத் துடைச்சிட்டு, சிரிச்சவன்லாம் முதல் பெஞ்சுன்னாங்க. பெஞ்சு ஏது? கோயில் மண்டபம்."

எனக்கு இது தெரியாது. இலங்கை அருகே புயல் தெரியும், ஜிபுத்தியின் ஒட்டகங்கள் தெரியும். இது தெரியாது.

அவர் மறுபடி பட்டியலைப் பார்த்தார். "எங்க ஊரு இதுல இல்லையே" என்றார். குறையாக அல்ல. அளவு சரிபார்ப்பதுபோல.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். சைகோன். அரியாங்குப்பம். மாமா சண்டை போட்டால் அது என்னோடு நிற்காது, அம்மாவரை போகும்.

திரும்பி நடந்தேன். பேருந்து நிலையம்வரை ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு ஒன்றும் பெரிதில்லை.

நவம்பர் இரண்டு. மாமா கல்லின் முன் நின்றார். மர்செய் எங்கே என்று கேட்கவில்லை. அரியாங்குப்பத்தில் தன் அம்மாவுக்கு என்ன வேலை என்றுதான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். படகையும் வாந்தியையும் சொன்னேன்.

"கப்பல்லயும் அப்படித்தான்" என்றார் மாமா. "ஒவ்வொரு பயணமும். வாளியப் புடிச்சது நான்தான். யார்கிட்டயும் சொல்லாதடான்னாங்க."

அம்மா மெழுகுவர்த்தியை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஏற்றினார்.

போகிறவர்களுக்கு: அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை குடை அவசியம். பாலத்தில் நடைபாதை குறுகல், லாரிக்கு ஒதுங்கி நில்லுங்கள். திருநாளன்று மாலை நான்குக்குமுன் கல்லறைக்குப் போய்விடுங்கள், பிறகு கூட்டம் நகராது. படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

மறுநாள் காலை மாமாவை டவுன் பஸ்ஸில் அரியாங்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். திரும்பி நடந்து வந்தோம்.