இரண்டு மஞ்சள் அட்டைகள்

நீர்வேலிப் பக்கத்தில் தியாகலிங்கத்தின் வெங்காயத் தோட்டத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் ஒரு வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சுருண்டால் உள்ளே என்ன புழு என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அயல் தோட்டக்காரர் நோய் விழுந்த பயிரைப் பிடுங்கிக்கொண்டு அவருடைய படலையடியில் வந்து நிற்பார்கள்.

அந்த மனிதர்தான் அரியாலையில், மகள் தனுஷாவின் வீட்டில், ஒரு மாதப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பொய் சொன்னார்.

பேத்தி பிறந்த மறுநாளே உடுப்புப் பையோடு வந்து இறங்கியிருந்தார். அது கொட்டாவி விட்டால் அவருக்குச் சிரிப்பு, தும்மினால் பயம். அது நித்திரையானால் மட்டும் அவருடைய கைகளுக்கு வேலை இல்லை. அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த தனுஷாவின் ஒன்பது பூச்சட்டிகளும் கண்ணில் பட்டன. பிள்ளை பெற்றவள் எழும்பி எதையும் பார்க்க முடியாது. இனி அவை அவருடைய பொறுப்பு.

ஊரிலிருந்து அரைவாசி மக்கிய மாட்டெருவை ஒரு உரப்பையில் கொண்டுவந்து சட்டிகளுக்குப் போட்டார். வெங்காயத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை இறைக்கிறவர், இந்தச் சட்டிகளுக்குக் காலையும் மாலையும் பேணியால் ஊற்றினார். இலைகள் பளபளத்தன.

"அப்பா, என்ரை கையிலை இப்பிடி வந்ததே இல்லை," என்றாள் தனுஷா. அவர் இன்னும் ஒரு பேணி கூட ஊற்றினார்.

மூன்றாம் கிழமை வீட்டுக்குள் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள், இலையான்கள், பறக்கத் தொடங்கின. நுளம்பிலும் மெலிந்தவை, கடிக்காதவை. தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தன, பால் போத்தலில் இருந்தன. ஒரு மத்தியானம் ஈரம் பார்க்கத் தியாகலிங்கம் ஒரு சட்டிக்குள் விரலை விட்டார். மண்ணிலிருந்து இலையான்கள் புகைபோலக் கிளம்பின. மேல் மண்ணைக் கிளறினார். கறுத்த தலையோடு, கண்ணாடி போன்ற வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

அவர் மண்ணை மூடிவிட்டுக் கையைக் கழுவினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜெசிதா பிள்ளையைக் குளிக்கவார்த்து அவர் மடியில் கொடுத்தாள். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருகிற பெண். பிள்ளைக்குத் துணி தோய்ப்பதும் வீடு கூட்டுவதும் அவள்தான். பிள்ளையின் உதட்டில் ஒரு இலையான் வந்து இருந்ததை மருமகனின் தாய் இராசமலர் கண்டுவிட்டார்.

"ஜெசிதா, குளியலறையிலை தண்ணி ஓடுற கானை நீ கழுவுறதே இல்லையோ? பச்சைப் பிள்ளையின்ரை வாயிலை இருக்குது பார்."

"நேற்றும் கழுவினனான் அம்மா."

"அப்ப உது வானத்திலையிருந்தோ வருது?" இராசமலர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் பூச்சி புழு தெரிஞ்ச ஆள். சொல்லுங்கோவன்."

தியாகலிங்கம் பேத்தியின் முகத்தைப் பார்த்தபடி, "கானிலையிருந்தும் உப்பிடி வரும்," என்றார்.

ஜெசிதா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தும்புக்கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கான் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பேத்தி அவருடைய விரலைப் பிடித்திருந்தது. மண்ணைக் கிளறிய அதே விரல்.

அன்றோடு சட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார். ஊருக்குப் போய், தோட்டத்தில் பூச்சி பிடிக்கக் கட்டுகிற மஞ்சள் ஒட்டு அட்டையில் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றை ஒரு குச்சியில் கட்டிச் சட்டிகளுக்கு நடுவே குத்தினார். மற்றதைக் குளியலறைக் கானுக்கு மேலே தொங்கவிட்டார். அது பார்க்கிறவர்களுக்காக.

சனிக்கிழமை சட்டி அட்டை எள்ளுத் தூவினதுபோல் கறுத்திருந்தது. ஜெசிதா குளியலறையைக் கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஐயா, கானடியிலை ஒண்டும் ஒட்டேல்லை."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு இராசமலர் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "திங்கட்கிழமையிலயிருந்து வேறை ஒரு மனிசி வருது. உவளுக்குச் சுத்தம் காணாது," என்றார். பின்பக்கத்தில் ஜெசிதா துணி உதறிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

தியாகலிங்கம் எழும்பிப் போய் இரண்டு அட்டைகளையும் கழற்றி வந்தார். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது கானிலை கட்டினது. இது சட்டியடியிலை. எருவைக் கொண்டந்தது நான், தண்ணியை ஊத்தினதும் நான். அண்டைக்கே எனக்குத் தெரியும்."

இராசமலர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப ஏன் கான் எண்டு சொன்னனீங்கள்?"

அவரிடம் பதில் இருந்தது. நீர்வேலித் தியாகலிங்கம் புழு வளர்த்தான் என்று சம்பந்தி வீட்டில் ஒரு கதை வரக்கூடாது. அதை எப்படிச் சொல்வது?

"நல்ல தோட்டக்காரன்," என்றார் இராசமலர். பின்பக்கம் பார்த்து, "ஜெசிதா, திங்கட்கிழமை வா," என்றார்.

ஜெசிதா வாசலில் நின்றாள். "மூண்டு தரம் தேய்ச்சனான் ஐயா," என்றாள். அவ்வளவுதான்.

அவர் ஒன்பது சட்டிகளையும் தானே முற்றத்துக்குத் தூக்கினார். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் மண்ணை வழித்து, தூரக் கிடங்கு வெட்டித் தாட்டார். வெயிலில் மண் நன்றாகக் காய்ந்தபின் மேலே உலர்ந்த மணல் பரப்பினார். ஈரம் இல்லாவிட்டால் முட்டை பொரிக்காது. உள்ளே கிடக்கிற புழுவும் இலையானாகிப் பறந்து தீர இன்னும் இரண்டு கிழமையாவது வேண்டும்.

அந்த இரண்டு கிழமையும் ஜெசிதா பிள்ளையைக் குளிக்கவார்த்து இராசமலரிடமே கொடுத்தாள். அவர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் முற்றத்தில் நின்று சட்டி மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் நாள், சட்டியடியில் குத்தியிருந்த புது அட்டையில் ஒரு இலையானும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஜெசிதாவிடம் நீட்டினார். அவள் துவாயால் சுற்றிய பிள்ளையோடு நின்று, அட்டையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள். "பிள்ளையைப் பிடிக்கோணும். எனக்குத் துணி கிடக்கு தோய்க்க."