முட்டிக்கு ஒரு டாக்டர், மூஞ்சிக்கு ஒரு டாக்டர்

அப்பாவுக்குச் சங்ககிரியில் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி. லாரியில் கோளாறு என்றால் ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு பட்டறை, வயரிங்குக்கு ஒரு பட்டறை, நசுங்கிய பாடிக்கு டிங்கர் பட்டறை. ஒருத்தரிடம் போய் அடுத்தவர் வேலையைப் பேசினால் மரியாதையில்லை. இந்தச் சட்டத்தை அவர் அம்மாவின் உடம்புக்கும் போட்டுவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அம்மாவுக்குக் காலையில் விரல் மடங்காது, முட்டி வலிக்கும். இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்து, வெயில் பட்டால் எரியும். வாயில் புண், சீப்பு நிறைய முடி, சாயங்காலமானால் காய்ச்சல். முட்டிக்கு ஈரோட்டில் எலும்பு டாக்டர், முகத்துக்குச் சேலத்தில் தோல் டாக்டர், வாய்க்குப் பல் டாக்டர். உள்ளே போகும்முன் அப்பா எச்சரிப்பார்.

"இங்க முட்டிய மட்டும் சொல்லு. மத்ததச் சொல்லி அவரக் கொழப்பாத."

அம்மாவும் தலையாட்டுவாள். அந்த டாக்டர்களில் ஒருவராவது வேறு என்ன செய்கிறது என்று வாய் திறந்து கேட்டாரா? சீட்டை எழுதிக் கொடுத்து மணியடிக்கத்தான் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதற்கு நடுவில் அப்பாவின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. வந்த பெண்களெல்லாம் வளையல் போட, அத்தை என் அம்மாவை மட்டும் சமையல்கட்டில் தேங்காய் துருவ விட்டாள். முகத்துத் தடிப்பைப் பார்த்து அத்தைக்கு அருவருப்பு என்று நினைத்தேன். அன்றோடு அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

கால் வீங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். அப்பா வழக்கம்போல, காலு வீங்குதுங்க என்று ஆரம்பித்தார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

"தலையிலிருந்து காலு வரைக்கும் சொல்லுங்கம்மா. எதையும் உடாதீங்க."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். டாக்டர் மூட்டுவாதமோ என்றார். கன்னத்துத் தடிப்பு அதற்குப் பொருந்தவில்லை. காசநோயோ, தைராய்டோ, சிறுநீரகமோ என்று ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு ஒத்துவரும், எங்கே உதைக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கரு தங்காமல் போனதுண்டா என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டி, இவளுக்கப்புறம் ரெண்டு போச்சுங்க என்றாள். எனக்கு அது புதுச் செய்தி.

ரத்தப் பரிசோதனை வந்ததும் மூவரையும் கூப்பிட்டார். லூபஸ் என்று பெயராம். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குமாம். விரல், கன்னம், சிறுநீரகம் எல்லாம் ஒரே நோய்தானாம். வெயில் ஆகாது, ஆயுசுக்கும் மாத்திரை. அம்மா அந்த இரண்டு கருவைப் பற்றிக் கேட்டாள். ரத்தத்திலேயே தெரிகிறது, அதற்கும் இதுவே காரணம் என்றார். அம்மா எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரித்தாள் வேறு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆயுசுக்கும் நோய் என்று சொன்னவரை யாராவது கும்பிடுவார்களா? வெளியே வந்ததும் அம்மா அப்பாவை வழியில் நிறுத்தினாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லீருங்க. நான் ராசி கெட்டவ இல்லீங்க. அது நோவுதானுங்க."

அப்பா பஸ் வருகிறதா என்று பார்த்தார். இவ்வளவு பெரிய நோயை வைத்துக்கொண்டு அத்தைக்கு என்ன சேதி வேண்டிக்கிடக்கிறது என்று நான் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். சங்ககிரி வரும்வரை முகம் கொடுக்கவில்லை. கரு தங்காதவள் கை வளையல் போடக் கூடாது என்றுதான் அவளைத் தேங்காய் துருவ விட்டார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்?